குவாண்டம் புள்ளியின் ஜி2(0) 0.42-க்குக் கீழே இறங்கவில்லை: கோளாறு சாம்பிளிலா, அளவீட்டிலா?

தனிமம்33 (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. காலியம் ஆர்சனைடுக்குள் வளர்த்த இண்டியம் ஆர்சனைடு குவாண்டம் புள்ளி (எலக்ட்ரானை அடைத்துவைக்கும் நானோ அளவுத் தீவு) ஒன்றில் ஒற்றை ஃபோட்டான் அளவீடு செய்கிறோம். 931.4 நானோமீட்டரில் ஒரு கோடு கூர்மையாக நிற்கிறது. இரு பக்கமும் ஒரு நானோமீட்டர் தூரத்துக்கு வேறு கோடு கிடையாது. ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தால் ஒரே புள்ளிதான் என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் ஜி2(0), அதாவது இரண்டு ஃபோட்டான் ஒரே நேரத்தில் வரும் வாய்ப்பின் அளவு (குறையற்ற ஒற்றை உமிழிக்கு இது பூஜ்ஜியம்), 0.42-லேயே நிற்கிறது.

சாம்பிள் எம்பிஇ-யில் (மூலக்கூறு கற்றைப் படிவளர்ப்பில்) வளர்த்தது. அடியில் 20 ஜோடி காலியம் ஆர்சனைடு, அலுமினியம் ஆர்சனைடு பிராக் கண்ணாடி; மேலே கேவிட்டி (ஒளியை அடைத்துவைக்கும் அமைப்பு) இல்லை. அளக்கும் இடத்தில் சதுர மைக்ரானுக்கு ஒன்றிரண்டு புள்ளிகள். வெப்பநிலை 4.5 கெல்வின். 780 நானோமீட்டர் தொடர் லேசர், 0.65 என்ஏ (ஒளி சேர்க்கும் திறன் எண்) ஆப்ஜெக்டிவ். பவரை ஏற்றிக்கொண்டே போய், கவுண்ட் அதிகபட்சமாக வரும் இடத்தில் நிறுத்தியிருக்கிறோம்.

வெளிச்சம் அரை மீட்டர் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் போகிறது. 1200 கோட்டு கிரேட்டிங், வெளி ஸ்லிட் 300 மைக்ரான். அங்கிருந்து 1 மீட்டர் ஃபைபர், பிறகு 50:50 ஃபைபர் ஸ்ப்ளிட்டர், அதன் இரண்டு கையும் தலா 1 மீட்டர், முனைகளில் இரண்டு சிலிக்கான் ஏபிடி (ஒற்றை ஃபோட்டானையும் எண்ணும் அவலான்ச் ஃபோட்டோடையோடு). ஒவ்வொன்றிலும் நொடிக்கு 25,000 கவுண்ட். டார்க் கவுண்ட் (வெளிச்சமே இல்லாதபோதும் வரும் எண்ணிக்கை) 250. இரண்டு ஏபிடி-களின் கிளிக்குகளுக்கு இடையிலான நேர வித்தியாசத்தின் ஹிஸ்டோகிராமில் பின் (நேரக் கட்டம்) அகலம் 64 பிக்கோசெகண்ட், ஒரு மணி நேரம் ஓட்டினால் தரைமட்டத்தில் பின்னுக்கு 144 கவுண்ட் அளவில் சேர்கிறது.

மூன்று சந்தேகம். 0.5-க்குக் கீழே இருப்பதால் இதை ஒற்றை உமிழி என்று எழுதிவிடலாமா? 0.1-க்குக் கீழே கொண்டுவர முதலில் எதைத் தொட வேண்டும்? ஹிஸ்டோகிராமில் +20, −20 நானோசெகண்டில் சின்னதாக இரண்டு மேடு தெரிகிறதே, அது என்ன? புள்ளி கண்சிமிட்டுவதன் அடையாளமா?

அரைக்கடத்தி_ஆசாமி

சாம்பிளைக் கழற்றாதீர்கள். நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே கணக்குப் போட்டால், குறையே இல்லாத ஒற்றை உமிழியை உங்கள் மேசையில் வைத்தாலும் ஏறக்குறைய 0.4-தான் வரும்.

முதலில் ஜிட்டர், அதாவது டிடெக்டரின் நேரப் பிசிறு. உங்களுடையது தடிமனான சிலிக்கான் அடுக்குள்ள ஏபிடி வகை என்றால், ஒன்றின் நேரப் பிசிறு 350 பிக்கோசெகண்ட் அரை உயர அகலம். ஜி2-வில் இரண்டு ஏபிடி-களின் பிசிறும் சேர்வதால் √2 மடங்கு, அதாவது 500 பிக்கோசெகண்ட் அளவு. ஜி2 பள்ளத்தின் வடிவம், பூஜ்ஜியத்திலிருந்து இரு பக்கமும் எக்ஸ்பொனென்ஷியலாக ஏறும் கூர்மையான வி. அந்தக் கூர்முனையை 500 பிக்கோசெகண்ட் அகல காஸியன் மழுக்கிவிடும். எவ்வளவு மழுக்கும் என்பது பள்ளத்தின் அகலத்தைப் பொறுத்தது: பள்ளத்தின் நேர மாறிலி 1 நானோசெகண்ட் என்றால் பூஜ்ஜியம் 0.15-ஆகத் தெரியும், 0.5 என்றால் 0.27, 0.33 என்றால் 0.36. பின்னணி வெளிச்சம் துளியும் இல்லாதபோதே இந்த நிலை.

இதில் பவர் எப்படி நுழைகிறது என்றால், தொடர் லேசரில் பள்ளத்தின் நேர மாறிலி எக்ஸைட்டானின் (எலக்ட்ரானும் அது விட்ட காலியிடமான துளையும் சேர்ந்த ஜோடியின்) ஆயுள் அல்ல. அழியும் வீதத்தையும் லேசர் மறுபடி நிரப்பும் வீதத்தையும் கூட்டி, ஒன்றை அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கேவிட்டி இல்லாத இந்தப் புள்ளிகளில் ஆயுள் ஏறத்தாழ 1 நானோசெகண்ட். கவுண்ட் உச்சமாக வரும் பவரில் நிரப்பும் வீதமும் அழியும் வீதமும் கிட்டத்தட்ட சமம். ஆக மாறிலி 0.5 நானோசெகண்ட் ஆகிவிடுகிறது. அதிகக் கவுண்ட் கிடைக்கும் பவர்தான் ஜி2-வுக்கு மோசமான பவர். இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்தால் பலருக்கு ஒரு செமஸ்டர் மிச்சமாகும்.

அடுத்தது பின்னணி. மொத்தக் கவுண்டில் உண்மையான கோட்டின் பங்கை ரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணி எதனோடும் தொடர்பில்லாத ஃபோட்டான்கள் என்றால், பள்ளத்தின் ஆழம் ரோவின் வர்க்கத்தால் பெருக்கப்படும். ரோ 0.95 என்றால் குறையற்ற உமிழிக்கும் 0.10 வரும், 0.9 என்றால் 0.19, 0.8 என்றால் 0.36. 10 சதவீதம் பின்னணிதானே என்று விட்டால் 19 சதவீதமாக வந்து நிற்கும்.

இரண்டையும் சேருங்கள். ரோ 0.9, மாறிலி 0.5 நானோசெகண்ட் என்றால் பள்ளத்தின் ஆழம் 0.81 × 0.73. மீதி 0.41. நீங்கள் அளந்தது 0.42. அதுவும் துல்லியமான 0.42 அல்ல, நடு பின்னில் 60 கவுண்ட்தான் இருக்கும், அதன் ஏற்ற இறக்கம் 8, ஆகவே 0.42-க்கு இருபுறமும் 0.05 இடைவெளி உண்டு.

ரோ 0.9 என்பது என் ஊகம். நீங்கள் அளந்துதான் சொல்ல வேண்டும். எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று அளவீடு செய்யுங்கள்.

ஜிட்டருக்கு: பிக்கோசெகண்ட் துடிப்பு லேசரை 930 நானோமீட்டருக்கு ட்யூன் செய்து, நன்றாகத் தணித்து, அதே ஸ்பெக்ட்ரோமீட்டர், அதே ஃபைபர், அதே ஏபிடி வழியாக ஜி2 எடுங்கள். நடுச்சிகரத்தின் வடிவமே உங்கள் கருவியின் பதில் சார்பு (ஒரு கணநேரத் துடிப்பைக் கருவி எவ்வளவு அகலமாகக் காட்டுகிறது என்பது). 780-இல் எடுத்துவிட்டு அதை 930-க்குப் பயன்படுத்த வேண்டாம், ஏபிடி-யின் பதில் அலைநீளத்தோடு மாறும். கவுண்ட் வீதத்தோடும் மாறும், ஆகவே லேசரையும் நொடிக்கு 25,000 அளவுக்கே தணியுங்கள். கிரேட்டிங்கின் பங்கும் இதிலேயே அடங்கிவிடும்: 40 மில்லிமீட்டர் அகலம் வெளிச்சம் படும் 1200 கோட்டு கிரேட்டிங்கில் 48,000 கோடுகள். முதல் கோட்டில் பட்ட ஒளிக்கும் கடைசிக் கோட்டில் பட்டதற்கும் 48,000 அலைநீளப் பாதை வித்தியாசம், கிட்டத்தட்ட 45 மில்லிமீட்டர், அதாவது 150 பிக்கோசெகண்ட். ஏபிடி-யின் 350-க்கு முன் இது பெரிதில்லை. நாளை 50 பிக்கோசெகண்ட் டிடெக்டர் வாங்கினால் இதுதான் முதல் எதிரி.

பின்னணிக்கு: கிரேட்டிங்கைக் கோட்டிலிருந்து இரு பக்கமும் 0.5 நானோமீட்டர் நகர்த்தி, அதே ஏபிடி-களில் கவுண்ட் எடுத்து சராசரி பாருங்கள். சிசிடி கேமரா ஸ்பெக்ட்ரத்தில் கண்ணால் மதிப்பிடாதீர்கள். சிசிடி-யில் பிக்சல் பிக்சலாகப் பார்க்கும்போது தரை தாழ்வாகத் தெரியும், ஆனால் 300 மைக்ரான் ஸ்லிட் அந்தத் தரையை அகலமாக அள்ளிக்கொண்டு போகிறது. அரை மீட்டர் கருவியில் இந்த கிரேட்டிங்குக்கு மில்லிமீட்டருக்கு 1.3 நானோமீட்டர் அளவு என்றால், உங்கள் ஸ்லிட் திறந்திருப்பது 0.4 நானோமீட்டர், ஏறத்தாழ 570 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். கோட்டின் அகலம் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.

பவருக்கு: கோட்டின் பரப்பளவை பவருக்கு எதிராக லாக்-லாக் வரைபடத்தில் போடுங்கள். சாய்வு 1 என்றால் எக்ஸைட்டான் அல்லது ட்ரையான் (கூடுதலாக ஒரு மின்னூட்டம் சேர்ந்த எக்ஸைட்டான்), 2-க்கு அருகே என்றால் பை-எக்ஸைட்டான் (இரண்டு எக்ஸைட்டான் சேர்ந்தது). உச்சம் வரும் பவரில் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கி ஜி2 எடுங்கள்.

0.5 கேள்விக்கு: சமமான இரண்டு உமிழிகளுக்குத்தான் 0.5 எல்லை. 90 சதவீதம் ஒரு புள்ளி, 10 சதவீதம் இன்னொரு புள்ளி என்று கலந்தால் ஜி2(0) 0.18-தான். 0.5-க்குக் கீழே என்பது "ஒரு உமிழி ஓங்கி நிற்கிறது" என்பதற்குச் சான்று. "ஒன்று மட்டுமே இருக்கிறது" என்பதற்கு அல்ல.

ஃபைபர்காரன்

அந்த 20 நானோசெகண்ட் மேட்டுக்கு மட்டும் நான் சொல்றேன். அது புள்ளி கண்சிமிட்டறது இல்லீங்க. கண்சிமிட்டினா பூஜ்ஜியத்தைச் சுத்தி அகலமா ஒரு மேடு இருக்கும், வெளியே போகப்போக மெல்லச் சரியும். இரண்டு பக்கமும் ஒரே தூரத்துல தனியா நிக்கற மேடுன்னா, ஏபிடி-யே ஒளி விடுதுன்னு அர்த்தம்.

சிலிக்கான் ஏபிடி-ல அவலான்ச் நடக்கும்போது கொஞ்சம் ஃபோட்டான் வெளியே வரும். சுமார் 700-லேர்ந்து 1000 நானோமீட்டர் வரைக்கும் பரவின வெளிச்சம். அது வந்த ஃபைபர் வழியாவே திரும்பி ஓடும், ஸ்ப்ளிட்டரைத் தாண்டும், ஏதாவது கண்ணாடி முனையில 4 சதவீதம் பிரதிபலிக்கும், இன்னொரு ஏபிடி-க்கு வந்து சேரும். உங்க அமைப்புல கணக்குப் பாருங்க: ஏபிடி-லேர்ந்து ஸ்ப்ளிட்டர் 1 மீட்டர், ஸ்ப்ளிட்டர்லேர்ந்து ஸ்பெக்ட்ரோமீட்டர் பக்க முனை 1 மீட்டர், திரும்பி 1, அப்புறம் அடுத்த கை 1. மொத்தம் 4 மீட்டர். ஃபைபர்ல மீட்டருக்கு 4.9 நானோசெகண்ட். 19.6 ஆச்சா?

உறுதி பண்ணணும்னா ஸ்பெக்ட்ரோமீட்டர் பக்கத்துல 2 மீட்டர் பேட்ச் கார்டு (இணைப்பு ஃபைபர்) ஒண்ணைச் சேருங்க. போக வர 4 மீட்டர் கூடும், மேடு 39-க்கோ 40-க்கோ நகரும். நகரலைன்னா ஸ்ப்ளிட்டரோட நாலாவது போர்ட்டைப் பாருங்க. நிறைய பேர் 2×2 ஸ்ப்ளிட்டரை வாங்கிட்டு உபயோகிக்காத போர்ட்டுக்கு மூடி போட்டு ஓரமா சுருட்டி வச்சிடுவாங்க. அந்த முனையும் 4 சதவீதம் பிரதிபலிக்கும், அதுவும் 1 மீட்டர்னா அதே 20 நானோசெகண்ட்ல வந்து நிக்கும்! சிங்கிள் மோடு ஃபைபர்னா பென்சில்ல பத்து சுத்து சுத்தினா போதும், ஒளி கசிஞ்சிடும். மல்டிமோடுன்னா சுத்தறது வேலைக்கு ஆகாது, முனையில இண்டெக்ஸ் ஜெல் (கண்ணாடியோட ஒளிவிலகலுக்கு ஒத்துப்போற ஜெல்) ஒரு சொட்டு வைங்க.

நிரந்தரத் தீர்வு, ஒவ்வொரு ஏபிடி-க்கு முன்னாலயும் 930-ஐச் சுத்தி 10 நானோமீட்டர் பேண்ட்பாஸ் ஃபில்டர். ஏபிடி விடற வெளிச்சத்துல பெரும்பகுதி வெளியேறும்போதே ஒரு தடவை, நுழையும்போது இன்னொரு தடவை அடிபடும். ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கேன்னு இருந்துடாதீங்க, பிரதிபலிப்பு அதுக்கு இந்தப் பக்கமே நடக்குது. கோணம் வெட்டின ஏபிசி கனெக்டர் போட்டாலும் நல்லா குறையும். ஆனா ஏபிசி-யையும் சாதா பிசி கனெக்டரையும் ஒண்ணோட ஒண்ணு முட்டிடாதீங்க, நடுவுல காத்து இடைவெளி விழுந்து கவுண்டும் போகும், பிரதிபலிப்பும் கூடும்.

மேட்டால ஒரு நன்மையும் இருக்கு. இரண்டு கையும் சம நீளம்னா, இரண்டு மேட்டுக்கும் சரியான நடுப்புள்ளிதான் உண்மையான பூஜ்ஜிய நேரம். ஃபிட் பண்ணும்போது பூஜ்ஜியத்தைத் தளர்த்தி விடாம அங்கேயே கட்டி வைக்கலாம். எடுத்துட்டு அப்புறம் ஃபில்டர் மாட்டுங்க.

இன்னொண்ணு: தரைமட்டத்தை 1-க்குக் கொண்டுவர மேடு இருக்கற பகுதியைச் சேர்க்காதீங்க.

தனிமம்33

மிக்க நன்றி. மூன்று அளவீடும் முடிந்தது.

930 நானோமீட்டரில் கருவியின் பதில் சார்பு 520 பிக்கோசெகண்ட். பழைய பவரில், பழைய ஸ்லிட்டில், கோட்டுக்கு வெளியே கவுண்ட் 2,500. ஆக ரோ 0.9 என்ற ஊகம் சரி. பவர் சாய்வு 1. பேட்ச் கார்டு சேர்த்ததும் மேடுகள் 39-க்கு நகர்ந்தன. பேண்ட்பாஸ் ஃபில்டர் மாட்டியபின் மேடு தரையோடு கலந்துவிட்டது.

பிறகு பவரை ஐந்தில் ஒன்றாக்கி, ஸ்லிட்டை 100 மைக்ரானுக்கு மூடினோம். கவுண்ட் 7,000-க்கு விழுந்தது. கோட்டுக்கு வெளியே 400. ஜி2(0) இப்போது 0.27.

இறங்கியது மகிழ்ச்சி, ஆனால் கவுண்டின் வர்க்கத்தில் நேரம் கூடுகிறதே. முன்பு ஒரு மணி நேரத்தில் கிடைத்த புள்ளிவிவரத்துக்கு இப்போது 13 மணி நேரம் ஆகிறது. அதற்குள் க்ரையோஸ்டாட்டில் (குளிர்கலத்தில்) புள்ளி ஆப்ஜெக்டிவின் குவியத்தை விட்டு நகர்ந்துவிடுகிறது. பின் அகலத்தைக் கூட்டலாமா? இல்லை துடிப்பு லேசருக்குப் போகலாமா? போனால் எந்த அலைநீளத்தில் தூண்டுவது?

குளிர்விளக்கு

பின் அகலத்தை 256 பிக்கோசெகண்டுக்குத் தாராளமாகக் கூட்டலாம். 520 அகலமுள்ள பதில் சார்போடு ஒப்பிட்டால் அது சேர்க்கும் மழுங்கல் அற்பம், நேரம் நான்கில் ஒன்றாகிவிடும். குவியம் நகர்வதற்கு ஓட்டத்தை 15 நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் முன் கவுண்டைப் பார்த்து பீசோ மேடையை நகர்த்துங்கள்; ஹிஸ்டோகிராம்களைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆனால் தொடர் லேசரில் இதற்கு மேல் போராடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போதைய 0.27-ஐப் பிரித்துப் பாருங்கள். பவர் ஐந்தில் ஒன்றானதால் மாறிலி 0.83 நானோசெகண்ட், பதில் சார்பு 520 என்றால் ஆழம் 0.82. ரோ 0.943, வர்க்கம் 0.89. பெருக்கினால் 0.73, மீதி 0.27. உங்கள் அளவீடு முழுவதும் ஜிட்டராலும் பின்னணியாலும் தீர்ந்துவிட்டது, புள்ளியின் மேல் போடப் பழி எதுவும் மிச்சமில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: 400 பின்னணியில் 250 டார்க் கவுண்ட். ஸ்லிட்டை இன்னும் மூடினால் கோடுதான் குறையும், டார்க் அப்படியே நிற்கும்.

துடிப்பு லேசரில் ஜிட்டர் பிரச்சினை ஒரே அடியில் போய்விடும். 80 மெகாஹெர்ட்ஸில் சிகரங்களுக்கு இடையே 12.5 நானோசெகண்ட். நீங்கள் பார்ப்பது சிகரத்தின் உயரத்தை அல்ல, பரப்பளவை. நடுச்சிகரத்தின் பரப்பை பக்கச் சிகரங்களின் பரப்பால் வகுத்தால் ஜி2(0). ஜிட்டர் சிகரத்தை அகலமாக்கலாம், பரப்பை மாற்றாது. புள்ளிவிவரமும் கைகொடுக்கும்: அதே 7,000 கவுண்டில் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பக்கச் சிகரத்திலும் 2,200 நிகழ்வுகள் சேரும். துடிப்புக்குப் பின் 4 நானோசெகண்ட் மட்டும் கணக்கில் எடுத்தால் டார்க் கவுண்டும் மூன்றில் ஒன்றாகும். 1 நானோசெகண்ட் ஆயுளுக்கு 4 நானோசெகண்ட் சாளரத்தில் 98 சதவீதம் அகப்பட்டுவிடும்.

அலைநீளத்துக்கு வருகிறேன். 780-இல் துடிப்பு அடித்தால் புதிய தலைவலி ஒன்று வரும். எலக்ட்ரானும் துளையும் காலியம் ஆர்சனைடு முழுக்கப் பிறக்கின்றன. சில உடனே புள்ளிக்குள் விழும், சில ஈரப்படலத்திலும் (புள்ளிகளுக்கு அடியிலுள்ள மெல்லிய இண்டியம் ஆர்சனைடு அடுக்கிலும்) சுற்றியுள்ள பொறிகளிலும் தங்கி, தாமதமாக விழும். முதல் ஃபோட்டான் வெளியேறிய பிறகும் அதே துடிப்பின் மிச்சம் புள்ளியை மறுபடி நிரப்பினால், இரண்டாவது ஃபோட்டான் வரும். நடுச்சிகரத்தை உற்றுப் பார்த்தால் தெரியும்: சரியாகப் பூஜ்ஜியத்தில் பள்ளம், இரு பக்கமும் தோள். அந்த வடிவம் தெரிந்தால் பின்னணியைச் சுத்தம் செய்து பயனில்லை, தூண்டும் வழியை மாற்றியே ஆக வேண்டும். 500 பிக்கோசெகண்ட் ஜிட்டரில் அந்தப் பள்ளம் பாதி மூடிப்போய் வெறும் அகலமான சிகரமாகவும் தெரியலாம், ஏமாந்துவிடாதீர்கள்.

அதனால் நேராக பி-ஷெல்லுக்கு, அதாவது புள்ளிக்குள்ளேயே உள்ள அடுத்த ஆற்றல் மட்டத்துக்குப் போங்கள். ட்யூன் செய்யக்கூடிய தொடர் லேசரை 880-லிருந்து 925 வரை நகர்த்தி, 931.4 கோட்டின் கவுண்டைப் பதிவு செய்யுங்கள். கோட்டிலிருந்து 20 முதல் 40 மில்லி எலக்ட்ரான் வோல்ட் மேலே சில கூர்மையான உச்சங்கள் கிடைக்கும். அவற்றில் 906 நானோமீட்டர் அருகே ஒன்று வந்தால், அது காலியம் ஆர்சனைடின் எல்ஓ ஃபோனான் (படிக அதிர்வு), 36 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி. அதிலும் தூண்டலாம். ஆனால் புள்ளிக்குப் புள்ளி மாறும் குறுகிய உச்சமே மேல். அண்டைப் புள்ளிகள் அதில் தூண்டப்படாது, பின்னணி தானாகக் குறையும். எந்த உச்சமானாலும் லேசரின் வழியில் ஒரு சுத்திகரிப்பு ஃபில்டர் கட்டாயம். ட்யூனபிள் டையோடு லேசர்களின் அடிப்பகுதியில் அகலமான தன்னிச்சை உமிழ்வு படிந்திருக்கும். அது 931-லும் இருக்கும். சாம்பிளில் சிதறி நேராக உங்கள் ஸ்லிட்டுக்குள் வரும். ஒரு கிரேட்டிங்கும் ஊசித்துளையும் போதும். துடிப்பு லேசரை அதே உச்சத்துக்கு ட்யூன் செய்யும்போது, துடிப்பு மிகக் குறுகியது என்றால் நிறமாலை அகலமாகிவிடும் என்பதையும் பாருங்கள். சில பிக்கோசெகண்ட் நீளம் நல்லது. 100 ஃபெம்டோசெகண்ட் துடிப்பு அக்கம்பக்கத்தையெல்லாம் எழுப்பிவிடும்.

வகுத்தலில் ஒரு கண்ணி. பக்கத்துச் சிகரங்களால் வகுக்காதீர்கள். புள்ளி சில நேரம் மின்னூட்டம் பெற்று ட்ரையானாக மாறி, உங்கள் கோட்டில் இருட்டாகிவிடும். அப்போது ±12.5 நானோசெகண்டில் உள்ள சிகரங்கள் தொலைதூரச் சிகரங்களைவிட உயரமாக இருக்கும், அவற்றால் வகுத்தால் ஜி2(0) இருப்பதைவிடச் சிறியதாகத் தோன்றும். டைம்டேக் முறையில் (ஒவ்வொரு கிளிக்கின் நேரத்தையும் சேமித்து) பதிவு செய்து, சில மைக்ரோசெகண்ட் தள்ளி உள்ள சிகரங்களால் வகுத்து எழுதுங்கள். கண்சிமிட்டல் தொல்லையாக இருந்தால் 780 லேசரை மிகமிக மெல்லிதாக, நானோவாட் அளவில் மட்டும் கூட விடுங்கள். புள்ளியைச் சுற்றியுள்ள மின்னூட்டம் பெரும்பாலும் அமைதியாகும். அந்த லேசர் மட்டும் இருக்கும்போது 931.4-இல் கவுண்ட் எதுவும் ஏறக்கூடாது என்பதே அளவு.

கோடு எக்ஸைட்டானா ட்ரையானா என்பதையும் இப்போதே முடித்துவிடுங்கள், பவர் சாய்வு இரண்டையும் பிரிக்காது. அரை அலைத் தகடையும் போலரைசரையும் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன் வைத்து, தகடை 5 டிகிரி விட்டு 5 டிகிரி சுழற்றி, ஒவ்வொரு முறையும் கோட்டின் மையத்தை ஃபிட் செய்யுங்கள். மையம் அலையாக அசைந்தால் எக்ஸைட்டான். அசையாமல் நின்றால் பெரும்பாலும் ட்ரையான். கருவியின் பிரிதிறன் 70 மைக்ரோ எலக்ட்ரான் வோல்டே ஆனாலும் மையத்தை அதைவிடப் பல மடங்கு நுட்பமாகக் கண்டுபிடிக்கலாம். இரண்டு மூன்று மில்லி எலக்ட்ரான் வோல்ட் தள்ளி வேறொரு கோடு எதிர்த்திசையில் அதே அளவு அசைந்தால் அதுதான் பை-எக்ஸைட்டான், பின்னால் பயன்படும்.

ஃபைபர்காரன்

எல்லாம் சரிதான், ஆனா சூப்பர்கண்டக்டிங் நானோவயர் டிடெக்டர் இரண்டு இருந்தா தொடர் லேசர்லயே முடிஞ்சிடுமே? ஜிட்டர் 50 பிக்கோசெகண்டுக்குக் கீழ, 930-ல எஃபிஷியன்சி 80 சதவீதத்துக்கு மேல. சிலிக்கான் ஏபிடி 930-ல 30 சதவீதத்தைச் சுத்தித்தான் கொடுக்கும். கவுண்ட் இரண்டரை மடங்குன்னா நேரம் ஆறுல ஒரு பங்கு.

அரைக்கடத்தி_ஆசாமி

பணம் இருந்தால் மறுப்பில்லை. ஆனால் டிடெக்டர் மாற்றினால் ஜிட்டரும் டார்க் கவுண்டும்தான் போகும். 780 தூண்டலின் பின்னணி வெளிச்சமும், துடிப்பில் மறுநிரப்பலும் அப்படியே இருக்கும். தூண்டும் வழியை மாற்றுவது முதலில், டிடெக்டர் பிறகு. அந்த டிடெக்டர்கள் பெரும்பாலும் சிங்கிள் மோடு ஃபைபர் மட்டுமே ஏற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஸ்பெக்ட்ரோமீட்டரின் ஸ்லிட்டிலிருந்து சிங்கிள் மோடுக்குள் வெளிச்சத்தைத் திணிக்கும்போது பாதிக்கு மேல் போய்விடும். அங்கே ஸ்பெக்ட்ரோமீட்டரையே எடுத்துவிட்டு 0.1 முதல் 0.3 நானோமீட்டர் அகலமுள்ள வால்யூம் பிராக் கிரேட்டிங் ஃபில்டர் வைப்பது நல்லது. கோட்டில் 90 சதவீதம் வரை தப்பும், 150 பிக்கோசெகண்ட் பாதைப் பிசிறும் இல்லை.

பி-ஷெல்லுக்குப் பிறகும் இறங்க வேண்டுமானால் எக்ஸைட்டானை நேரடியாக ஒத்ததிர்வில் தூண்டலாம். லேசரும் கோடும் ஒரே அலைநீளம் என்பதால் ஸ்பெக்ட்ரோமீட்டர் அங்கே உதவாது. குறுக்குப் போலரைசர்களால் லேசரை பத்து லட்சத்தில் ஒரு பங்குக்காவது அணைக்க வேண்டும். அதற்கு போலரைசரைச் சுழற்றினால் மட்டும் போதாது. ஆப்ஜெக்டிவும் க்ரையோஸ்டாட் ஜன்னலும் சேர்க்கும் நீள்வட்டத் தன்மையை ஒரு கால் அலைத் தகடால் ஈடுகட்ட வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி, டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் திருகித்தான் அடியைத் தொட முடியும். காலையில் சரிசெய்தது மாலையில் தளரும். அங்கும் ஒரு எல்லை உண்டு: துடிப்பு முடிவதற்குள்ளேயே புள்ளி ஒரு ஃபோட்டானை விட்டுவிட்டு மறுபடி நிரம்பலாம். அந்த வாய்ப்பு துடிப்பின் நீளத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள விகிதத்தோடு ஏறும்.

அதைத் தாண்டத்தான் பை-எக்ஸைட்டானை இரண்டு ஃபோட்டான்களால் தூண்டுகிறார்கள். லேசரை எக்ஸைட்டான், பை-எக்ஸைட்டான் கோடுகளின் சக்திக்கு நட்டநடுவில் வைக்க வேண்டும். பிணைப்பு 3 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்றால் இரு கோடுகளிலிருந்தும் ஒரு நானோமீட்டர் தள்ளி. லேசரை நாட்ச் ஃபில்டர்களால் வெட்டிவிடலாம், போலரைசர் தொல்லை இல்லை. மறுநிரப்பல் நடக்கவேண்டுமானால் புள்ளி இரண்டு படியும் இறங்கி முடித்திருக்க வேண்டும், துடிப்புக்குள் அது நடப்பது அபூர்வம். 2018-இல் ஸ்டாக்ஹோமின் கேடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் லின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து காலியம் ஆர்சனைடு புள்ளியில் இந்த முறையில், நானோவயர் டிடெக்டர்களோடு, 0.000075 அளந்தார்கள். அந்த அளவில் நடுச்சிகரமே கண்ணுக்குத் தெரியாது, டார்க் கவுண்ட்தான் பேசும். உங்களுக்கு 0.1 போதும் என்றால் இவ்வளவு தூரம் வேண்டாம்.

எழுதும்போது மூன்று எண்ணையும் கொடுங்கள்: கச்சா ஜி2(0), டார்க் கவுண்டைக் கழித்தது, பதில் சார்போடு ஃபிட் செய்தது. கச்சாத் தரவை டீகன்வல்யூஷன் (கருவியின் மழுங்கலைக் கணக்கால் நீக்குவது) செய்யாதீர்கள், பின்னுக்கு சில பத்து கவுண்ட் உள்ள இடத்தில் அது இரைச்சலைப் பெருக்கி ஜி2-வை எதிர்மறைக்கே கொண்டுபோகும். கோட்பாட்டு மாதிரியைப் பதில் சார்போடு கன்வால்வ் செய்து (அதே அளவு மழுக்கி), அதைத் தரவோடு பொருத்துங்கள். ஆயுளைத் துடிப்பு அளவீட்டில் தனியாக எடுத்து ஃபிட்டில் கட்டிவைத்தால், தளர்வாக மிஞ்சுவது நிரப்பும் வீதமும் ஜி2(0)-வும் மட்டுமே. ரோவையும் தளர்த்தி விட்டால் ஃபிட் எந்த எண்ணை வேண்டுமானாலும் தரும்.

தனிமம்33

பி-ஷெல் ஸ்கேனுக்கு ட்யூனபிள் டையோடு லேசர் இருக்கிறது, சுத்திகரிப்புக்கு 1200 கோட்டு கிரேட்டிங்கும் ஊசித்துளையும் வைக்கிறோம். துடிப்பு லேசர் டைட்டானியம் சஃபையர், 3 பிக்கோசெகண்ட். ஸ்கேனுக்கு எவ்வளவு படி வைப்பது?

குளிர்விளக்கு

முதல் ஓட்டத்துக்கு 0.1 நானோமீட்டர், உச்சம் தெரிந்த இடத்தில் 0.02. ஒவ்வொரு படியிலும் பவரை ஒரே அளவில் வைக்க ஒரு ஃபோட்டோடையோடால் திருத்திக்கொண்டே போங்கள், டையோடு லேசரின் பவர் அலைநீளத்தோடு ஆடும். 3 பிக்கோசெகண்ட் துடிப்பின் அகலம் 0.4 நானோமீட்டருக்கு மேல் வரும், ஆகவே 0.02-இல் கண்ட நுணுக்கம் துடிப்பில் தெரியாது. மையத்தை மட்டும் சரியாக வையுங்கள்.